லீனம்மா கடையில் விற்ற பழைய பல்லக்கு

என் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். மேல்துண்டு போட்டால் அந்தப் பக்கமாகவே நழுவி விழும். பழவேற்காட்டில் லீனம்மாவின் பழைய பல்லக்குக் கடையில் இருபத்தாறு வருஷம் முன்தண்டு பிடித்த எனக்குக் கிடைத்த ஓய்வூதியம் அதுதான். வேறெதுவும் தரவில்லை.

இப்போது அதே கடையில் வில்வண்டி விற்கிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, புதிதாகச் சேர்ந்த வண்டிக்காரர்கள் இரண்டு பேர் என்னை உட்காரவைத்து, “சக்கரமே இல்லாத சாமான எப்டிண்ணா வித்தீங்க?” என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. சக்கரம் இருந்தால் சாமான் தானே ஓடிக் காட்டிவிடும். அதை விற்பதில் என்ன சாமர்த்தியம்? நாங்கள் விற்ற சாமானுக்குக் கால் நாங்கள், சக்கரமும் நாங்கள், வாயும் நாங்கள். அந்தக் கோபத்தில்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. கோட்டை வாசலில் மனு எழுதும் கணக்கர் எழுதுகிறார். நடுநடுவே அவர் சிரிப்பதற்கு நான் பொறுப்பில்லை.

பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் ஆறு மாதம் தோள் வீங்கியது, அடுத்த ஆறு மாதம் காய்த்தது, அப்புறம் நடை வந்தது, கடைசியாகப் பாட்டு வந்தது. பல்லக்குத் தூக்குகிறவன் பாடாமல் நடக்க முடியாது. முன்னால் இருப்பவன் பள்ளம், கல், முள் எல்லாவற்றையும் பாட்டிலேயே சொல்லவேண்டும். பின்னால் இருப்பவர்கள் “ஓஹோய்” என்று வாங்கவேண்டும். பின்னால் இருப்பவனுக்குப் பல்லக்கின் முதுகைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாது, பாவம்.

லீனம்மா கோட்டைப் பீரங்கிக்காரன் ஒருவனுடைய விதவை. முழுப்பெயர் லியோனோரா. எங்கள் நாக்குக்கு லீனம்மாவே தாராளம். உலாந்தாக்காரத் துரை, அதாவது டச்சுக்காரத் துரை, ஒருவர் செத்தாலும் சரி, கப்பலேறி ஊருக்குப் போனாலும் சரி, அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களைக் கோட்டை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். நல்ல சாமான்களைப் பெரிய வியாபாரிகள் எடுத்துப் போவார்கள். யாரும் தொடாத பல்லக்கு லீனம்மாவுக்கு வரும். யார் பல்லக்கில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று அப்போது ஆயிரம் கட்டுப்பாடு. கல்யாணத்துக்கு மட்டும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆகவே எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணக்காரர்கள்தான். அவசரமும் இருக்கும், பல்லக்கைப் பற்றி ஒன்றும் தெரியாமலும் இருக்கும். எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

இப்படிச் சொன்னால் லீனம்மாவைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு பொய்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியும் கேட்டதில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைப்பாள்.

“இதுல ஒரே ஒரு தொரதான் போனாரு” என்பாள். உண்மை. அந்த ஒரு துரை மூன்று துரை கனம்.

“ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போனதோட சரி” என்பாள். அதுவும் உண்மை. கோயிலுக்குப் போனது ஞாயிறு மட்டும். மற்ற ஆறு நாளும் சாராயக் கடைக்குப் போனது.

“போன மாசந்தான் புதுத் தண்டு போட்டோம்” என்பாள். பழைய தண்டு எந்தச் சந்தில், யாரைச் சுமந்துகொண்டு ஒடிந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஒருவர், “இதுல ஏறி யாருக்காச்சும் ஆபத்து வந்துதா?” என்று கேட்டார். “செத்தவங்க யாரும் இல்ல” என்றாள். அவர் நிம்மதியாகப் பணத்தை எடுத்தார்.

ஒரு பல்லக்கு கடைக்கு வந்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு. முதல் நாள் தண்டை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போகவேண்டும். ‘டங்’ என்றால் மரம், ‘தொப்’ என்றால் கரையான். இரண்டாம் நாள் பூச்சி அரித்த துளைகளில் மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைக்கவேண்டும். மூன்றாம் நாள் சிவப்புச் சாயம். நாலாம் நாள் மெத்தையைத் திருப்பிப்போட்டு மூன்று வேளை சாம்பிராணி காட்டவேண்டும். துரைமார்களின் பல்லக்கில் புகையிலையும் பாலாடைக்கட்டியும் சேர்ந்து ஒரு வாடை வரும். கல்யாணப் பெண் அதில் ஏறினால் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். கடைசியாகத் தண்டில் தோள் தேய்ந்த பள்ளத்தை இழைத்துச் சமன் செய்யவேண்டும். ஒரு பல்லக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அந்தப் பள்ளத்தில்தான் தெரியும். இழைத்துவிட்டால் அது நேற்றுப் பிறந்த பல்லக்கு.

இதையெல்லாம் யாரும் செய்யலாம். எங்கள் கடையின் உண்மையான வித்தை பாட்டில் இருந்தது. பழைய பல்லக்கு முனகும். ஆனால் ஒழுங்காக முனகும். சில பல்லக்கு மூன்றாம் அடியில், சில பல்லக்கு ஐந்தாம் அடியில். வாங்க வந்தவரை ஏற்றி ஒரு சுற்று காட்டுவதற்கு முன், வெறும் பல்லக்கை நாங்கள் நாலு பேரும் பின்கட்டில் தூக்கி நடந்து பார்ப்போம். எந்த அடியில் முனகுகிறதோ அந்த அடியில் “ஓஹோய்” விழுகிற மாதிரி பாட்டைக் கட்டுவேன். உள்ளே இருப்பவருக்கு எங்கள் குரல்தான் கேட்கும். சுற்றுக் காட்டும் வழியும் ஒன்றே ஒன்றுதான். கடையிலிருந்து மணல் சந்து, கோட்டை அகழி ஓரம், திரும்ப மணல் சந்து. கல் பாவிய தெருவுக்குப் போகவே மாட்டோம். மணலில் எந்தப் பல்லக்கும் தாலாட்டும்.

மற்றபடி தூக்குகிறவன் வாங்க வந்தவரோடு பேசக்கூடாது. அது லீனம்மாவின் சட்டம். நான் அதை ஒருமுறைகூட மீறவில்லை. ஒரே ஒருமுறை பேசாமலே மீறினேன்.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஏழுமலை என்பவர் வந்தார். கூடவே அவர் மகள் அஞ்சலை. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை விடலாம் என்று குப்பங்களுக்குள் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்த மாசம் நல்ல இடத்துப் பாடு ஏழுமலைக்கு விழுந்து, இறாலும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் காசை இடுப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார்.

விஷயம் இதுதான். அஞ்சலைக்கு ஏரியின் அக்கரையில், ஆரம்பாக்கத்துப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கன்னியம்மா. அவளுடைய ஓரகத்தி வீட்டு மருமகள் சலங்கை கட்டிய மாட்டு வண்டியில் வந்து இறங்கினாளாம். அதிலிருந்து கன்னியம்மாவுக்குத் தூக்கமில்லை. என் மருமகள் பல்லக்கில்தான் என் வாசலுக்கு வருவாள், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் பெண்ணழைப்பு. பல்லக்கு இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

“பையன் நல்ல பையம்மா” என்றார் ஏழுமலை. “எம் பொண்ணுக்கும் புடிச்சிகீது. அந்த அம்மாதான் பேஜாரு.”

கடையில் அப்போது ஒரே ஒரு பல்லக்குதான் இருந்தது. மேலே சொன்னேனே, மூன்று துரை கனமுள்ள துரை, அவருடையது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பிரம்புத் தரை பிய்ந்துவிட்டது. அதனால் உடைந்த தோணி ஒன்றின் பலகைகளை அடித்துத் தரை போட்டிருந்தோம். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பலகை, அதற்குமேல் திரை. துளைகள் எல்லாம் மெழுகு. தண்டில், நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், சாயத்துக்கு அடியில் ஒரு விரிசல். நாலாம் அடிக்கு நாலாம் அடி முனகும். இன்னும் ஒரு சுற்று தாங்கும் என்பது என் கணக்கு. அதற்குமேல் கடவுள் தாங்கவேண்டும்.

ஏழுமலை பல்லக்கை இரண்டு தரம் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்: “இது எவ்ளோ தண்ணி இழுக்கும்?”

லீனம்மாவின் வெற்றிலை நின்றுவிட்டது. அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. “இன்னா?” என்றாள்.

“தண்ணில எறக்குனா எவ்ளோ ஆழம் முழுவும்? படகு வாங்குறப்ப மொதல்ல ஏரில எறக்கிப் பாப்போம். ஒழுவுதா இல்லியான்னு தெரிஞ்சப்பறந்தான் பேச்சே.”

“இது படகில்லபா.”

“தெரியும். இருந்தாலும் மரந்தானே.”

இதற்குள் அஞ்சலை மண்ணில் முழங்கால் போட்டுப் பல்லக்கின் அடியில் கையை விட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஏரிச் சேற்றில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவள் அவள். விரல் நுனியில்தான் அவளுக்குக் கண். “நைனா, இங்க ஒண்ணு அடச்சிகீது” என்றாள். நகர்ந்தாள். “இங்க ஒண்ணு. இது பெருசு. இங்க ரெண்டு பக்கத்துல பக்கத்துல.” பதினெட்டு மெழுகு அடைப்பையும் கண்டுபிடித்துவிட்டாள். அடைத்தவன் நான். எனக்கே பதினேழுதான் நினைவிருந்தது.

லீனம்மா விசிறியை எடுத்து வீசிக்கொண்டாள். “ஏறிப் பாரும்மா. ஒரு சுத்து சுத்திக் காட்டுவாங்க” என்றாள்.

அஞ்சலை ஏறினாள். தூக்கினோம். நான் பாட்டை எடுத்தேன்.

பாத்து வையி காலு, மணல் சறுக்கும் ஓஹோய்
பக்குவமா போவும், பட்டு மெத்த ஓஹோய்

நாலாம் அடிக்கு ஓஹோய் சரியாக விழுந்தது. முனகல் செத்துப்போனது. அகழி ஓரம் திரும்பும்போது திரைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது: “அண்ணே, நான் கனமா கீறனா? கஷ்டமா இருந்தா எறங்கி நடக்கறேன்.”

எத்தனை பேரைத் தூக்கியிருப்பேன். வைதவர்கள் உண்டு, தூங்கியவர்கள் உண்டு, அடியில் இருந்த என் தலையில் வெற்றிலை துப்பியவர் ஒருவர் உண்டு. நான் கனமாக இருக்கிறேனா என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அடுத்த வரி வரவில்லை. நான் விட்டால் பின்னால் இருப்பவர்களுக்கும் ஓஹோய் கிடையாது. அந்த அமைதியில் தண்டு நிதானமாக, அகழி ஓரம் முழுவதும் கேட்கிற மாதிரி, ‘க்ரீச்’ என்றது. நாலு அடி போனதும் மறுபடி ‘க்ரீச்’ என்றது.

வேலை போயிற்று என்று அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டில் அரிசி எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கடைக்குத் திரும்பினேன்.

அஞ்சலை இறங்கி நேராக லீனம்மாவிடம் போனாள். “அம்மா, அது இன்னா சத்தம்?”

கடைசியில் ஒருத்தி சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள். லீனம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஏலம் முழுக்க இருந்தது. பிறகு அஞ்சலை பக்கம் திரும்பி, “தண்டுல விரிசல் விட்டிருக்கு” என்றாள்.

“ஆரம்பாக்கம் கரையிலேர்ந்து அவங்க வாசலுக்குத் தாங்குமா?”

“தெரியாது. தாங்கலன்னா நீதான் கீழ விழுவ.”

ஏழுமலை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வேறு பல்லக்கு வாங்க அவரிடம் காசில்லை. வேறு தண்டு போட எங்களிடம் மரமில்லை. நாளை மறுநாள் சாயங்காலம் கன்னியம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்பாள். அஞ்சலை அழவில்லை. ஆனால் தாவணி முனையைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பாடியே இருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஏழுமலை எழுந்தார். “வந்தது வந்துட்டேன். தண்ணில எறக்கிப் பாத்துட்டே போயிட்றேன்” என்றார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் கிடையாது. வாங்கப் போவதில்லை என்று தெரிந்த படகையும் ஏரியில் இறக்கிப் பார்க்காமல் அவர் திரும்பியதில்லையாம். லீனம்மாவும் சலித்துப்போய்த் தலையை ஆட்டிவிட்டாள். பல்லக்கைக் கொண்டுபோய் ஏரியில் இறக்கினோம்.

மிதந்தது. தோணிப் பலகையும் பதினெட்டு மெழுகு அடைப்பும் சேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விடவில்லை. ஏழுமலை உள்ளே எட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், விரலை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார். “ஒழுவுல” என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக எங்கள் சாமான்மேல் ஒரு மரியாதை தெரிந்தது. பல்லக்காக எந்தப் பரீட்சையிலும் தேறாத சாமான், தோணியாக முதல் தரத்தில் தேறிவிட்டது.

அஞ்சலை உள்ளே ஏறி உட்கார்ந்தாள். தண்டை நாங்கள் நாலு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டோம். தோளில் கனமே இல்லை. கனத்தை எல்லாம் ஏரி வாங்கிக்கொண்டது. தண்டு மூச்சுக்கூட விடவில்லை. அக்கரை வரைக்கும் ஏரியே சுமக்கட்டுமே என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.

“பல்லக்கு வெலைக்கு இத விக்கமாட்டேன்” என்றாள் லீனம்மா. “ஒடஞ்ச தோணி வெலைக்கு எடுத்துட்டுப் போ.” பிறகு என்னிடம், “முனுசாமி, நீயுந்தான் கூடப் போற. தரையில எறங்குனப்பறம் பாட்ட நிறுத்துன, அப்டியே ஊருக்குப் போயிடு” என்றாள். வேலை போகவில்லை என்பதை அவள் இப்படித்தான் சொல்வாள்.

பெண்ணழைப்பு அன்று பல்லக்கைத் தோணியில் குறுக்கே போட்டுக்கொண்டு போனோம். ஆரம்பாக்கம் கரை கண்ணுக்குத் தெரிந்ததும், இடுப்பளவு ஆழத்தில் பல்லக்கை இறக்கி, பட்டுப்புடவையோடு அஞ்சலையை உட்காரவைத்து, நாலு பேரும் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டோம். கரையில் ஊரே நின்றிருந்தது. தண்ணீரில் நடந்து வரும் பல்லக்கை அவர்களும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. நான் பாட்டை எடுத்தேன். பாதி வழியில் பின்தண்டுக்காரன் கால்விரலை நண்டு கவ்வியது. ஓஹோய் சொல்லவேண்டிய இடத்தில் அவன் “ஐயையோ” என்று அலறினான். கரையில் இருந்தவர்கள் அது பாட்டில் வருகிற வார்த்தை என்று நினைத்து, எல்லோருமாக “ஐயையோ” என்று வாங்கினார்கள். அதன்பிறகு மாற்ற முடியவில்லை. நான் வரி சொல்ல, ஊரே ஐயையோ சொல்ல, மணப்பெண் வந்தாள்.

என் கவலை அதுவல்ல. கரையிலிருந்து கன்னியம்மாவின் வாசல் அறுபது அடி. அந்த அறுபது அடியைத் தண்ணீர் சுமக்காது. ஆழம் முழங்காலுக்கு வந்ததும் கனம் தோளில் இறங்கியது. கணுக்காலுக்கு வந்ததும் தண்டு ‘க்ரீச்’ என்றது. விரிசல் வாய் திறப்பது என் காதோரம் கேட்டது. உள்ளேயிருந்து அஞ்சலை, “அண்ணே, ஒடிஞ்சி போயிடுமா?” என்றாள். நான் பாட்டை இன்னும் உரக்க எடுத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. ஏரிக்கரைக் குப்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரிலிருந்து படகு கரையேறும்போது யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள். அது பகையாளியின் படகாக இருந்தாலும் கை வைப்பார்கள். இன்றைக்கு நிற்கிறவன் படகுக்கு நாளைக்கு யாரும் வரமாட்டார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, மரத்தால் ஆன ஏதோ ஒன்று, உள்ளே ஆளோடு, திணறிக்கொண்டு கரையேறுகிறது. அவர்களுடைய கைகளுக்கு அது பல்லக்கு என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா முதலில் வந்து அடியில் தோள் கொடுத்தார். அப்புறம் பத்துப் பேர், அப்புறம் இருபது பேர். கன்னியம்மா ஆரத்தித் தட்டைச் சட்டென்று பக்கத்தில் நின்ற ஓரகத்தியின் கையில் திணித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, இடதுபுறம் அடியில் தோளை வைத்து, “இழுங்கடா” என்றாள்.

பல்லக்கு பறந்தது. நாங்கள் நாலு பேரும் சும்மா தண்டைத் தொட்டுக்கொண்டு கூடவே ஓடினோம். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிக எளிய வேலை அதுதான். அறுபது அடியும் கூட்டத்தின் தோளிலேயே போய், வாசலில் கோலத்துக்கு நடுவில் இறங்கியது. அஞ்சலை திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஓரகத்தி வேறு வழியில்லாமல் ஆரத்தி எடுத்தாள்.

வழியை மறிக்கிறதே என்று வெறும் பல்லக்கை ஓரமாக வைக்க நாங்கள் நாலு பேரும் தூக்கினோம். தண்டு இரண்டாக ஒடிந்தது. வெடிச் சத்தம் மாதிரி கேட்டது. பல்லக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மேளம் நின்றது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். ஓரகத்தியின் முகம் மலர்ந்தது.

கன்னியம்மா ஒடிந்த தண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற அஞ்சலையைப் பார்த்தாள். கன்னியம்மாவின் தோளில் இன்னும் ஈரமும் சிவப்புச் சாயமும் ஒட்டியிருந்தன.

“இன்னாம்மா பல்லக்கு இது?” என்றாள்.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்: “நீங்க தூக்குன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு அத்த.”

கன்னியம்மா தன் தோளைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவள்தான் சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் நாங்கள் ஒடிந்த தண்டுத் துண்டுகளைக் கீழே வைத்தோம்.